விபிஎன் பூட்டு பழசா? பார்த்துவிடுங்கள்

விபிஎன் 'கனெக்டட்' என்று காட்டினால் மட்டும் போதாது. உள்ளே ஓடும் குறியாக்க முறை எது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

1. செட்டிங்ஸில் 'பிபிடிபி' என்ற பழைய விபிஎன் முறை இருந்தால் உடனே நிறுத்துங்கள். அதன் லாகின் பாதுகாப்பு முழுவதும் கடைசியில் 56 பிட் டெஸ் சாவி ஒன்றை நம்பித்தான் நிற்கிறது என்று 2012-இல் பாதுகாப்பு ஆய்வாளர் மாக்ஸி மார்லின்ஸ்பைக் காட்டினார். பாஸ்வேர்டை எவ்வளவு நீளமாக வைத்தாலும் பயனில்லை. ஆப்பிள் 2016-லேயே இதைக் கைவிட்டுவிட்டது. பழைய ரவுட்டர்கள் பல இன்னும் விடவில்லை.

2. ஓபன்விபிஎன் பயன்படுத்துகிறீர்களா? அதன் கான்ஃபிக் ஃபைலை நோட்பேடில் திறந்து 'சைஃபர்' என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். 'பிஎஃப்-சிபிசி' என்றிருந்தால் அது 1993-இல் வந்த புளோஃபிஷ். பழைய பதிப்புகளில் அந்த வரியே இல்லாவிட்டாலும் புளோஃபிஷ்தான் ஓடும். பலர் ஏமாறுவது இங்கேதான். கோளாறு சாவியின் நீளத்தில் இல்லை. தகவலை 64 பிட் துண்டுகளாக வெட்டிப் பூட்டுகிறதே, அதில்தான். ஒரே சாவியில் சுமார் 32 ஜிபி போனதும் பூட்டிய துண்டுகளில் ஒன்றுபோல் இரண்டு வர வாய்ப்பு கூடிவிடும். அந்த ஜோடியை ஒப்பிட்டால் உள்ளிருப்பது கசியும். பிரான்ஸின் இன்ரியா ஆய்வாளர்கள் 2016-இல் 'ஸ்வீட்32' என்ற பெயரில் இதைச் செய்தே காட்டினார்கள். நூற்றுக்கணக்கான ஜிபியை ஒட்டுக்கேட்க வேண்டும் என்பதால் பக்கத்து வீட்டுக்காரர் செய்கிற வேலையல்ல இது. ஆனாலும் ஒரு வரியை மாற்ற என்ன சோம்பல்?

3. அந்த வரியில் ட்ரிபிள் டெஸ் இருந்தாலும் அதே 64 பிட் வியாதிதான்.

4. மாற்றாக 'ஏஇஎஸ்-256-ஜிசிஎம்' போடுங்கள். 128 போட்டாலும் குறைவில்லை. பழைய போன் திணறினால் 'சாச்சா20-பாலி1305' வேகமாக ஓடும். வயர்கார்டு என்ற விபிஎன் முறையில் இந்தத் தேர்வே கிடையாது, எல்லாருக்கும் சாச்சா20தான். தெரியாமல் பழசைத் தேர்ந்தெடுக்க வழியில்லாததால் வீட்டுக்கு அதையே சிபாரிசு செய்வேன்.

5. ஓபன்விபிஎன்னில் இரு முனையிலும் 2.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால் அவை தாமாகவே பேசி ஜிசிஎம்முக்கு மாறிக்கொள்ளும். 2.6-க்கு அப்டேட் செய்ததும் இணைப்பு வரவில்லையா? எதிர்முனை இன்னும் புளோஃபிஷிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் யாரோ தந்த வரியை ஒட்டிப் பழசுக்கு உயிர் கொடுக்காதீர்கள். சர்வர் ஆபீஸுடையது என்றால் ஐடி பிரிவுக்கு இன்றே ஒரு மெயில் தட்டிவிடுங்கள்.