கழிமுகத்துக்கு வேண்டிய நன்னீரின் அளவை அறிதல்

ஆற்று ஜலம் கடலிற் சேர்ந்தால் அது வீண் என்று டெல்டாக் குடியானவர்கள் சொல்வது வழக்கம். வெள்ள காலத்தில் கொள்ளிடத்தைப் பார்ப்பவர்களுக்கு அவ்வெண்ணம் உண்டாவது இயல்பே. ஆனால் கடைமடையில் பயிரிடுவோரும், பழையாறு போன்ற கரையோர ஊர்களில் மீன் பிடிப்போரும் அதனை முழுதும் ஒப்பமாட்டார்கள். ஆறு கடலோடு கூடுமிடமாகிய கழிமுகத்தில் நன்னீரும் உப்பு நீரும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. ஆறு தளர்ந்தால் கடல் உள்ளே ஏறும். அங்ஙனம் ஏறாதிருக்க எவ்வளவு நன்னீர் வேண்டும் என்பது ஊகித்துச் சொல்லத்தக்கதன்று, அளந்தறிய வேண்டியதாகும்.

கடல் நீரில் ஆயிரம் பங்குக்குச் சுமார் 35 பங்கு உப்பு உண்டு. அது நன்னீரிலும் கனமானதால் ஆற்றின் அடியாகவே முதலில் நுழைகிறது. நன்னீர் அதன்மேல் மிதந்து செல்கிறது. மேல்நீரைக் கையில் அள்ளிச் சுவைத்து, உப்பில்லை என்று முடிவு செய்பவர் ஏமாறுவார். நிலத்தடியிலும் இதே நியாயந்தான். கரையோர மணற்பூமியில் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அது கீழே சுமார் 40 அடி ஆழம் வரை உப்பு நீரைத் தாங்கி நிற்கும். ஆறு வற்றி, இறைப்பும் மிகுந்து, அந்த ஓரடி குறையுமாயின், காலப்போக்கில் கீழேயிருந்து 40 அடி உப்பு ஏற இடமுண்டு. நேற்றுவரை நல்ல கிணறாயிருந்தது உவர்ந்து போவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

கழியில் வாழும் பிராணிகளுக்கும் இக்கலப்பு இன்றியமையாதது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் கழிக்குள் வந்து சில மாதம் வளர்ந்து திரும்பக் கடலுக்குச் செல்லும். பிச்சாவரத்துக் காட்டிலோ, உப்பை மிகத் தாங்குவது வெண்கண்டல். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமோ உப்புக் குறைந்த இடத்தையே நாடும். நன்னீர் வரவு அருகினால் பலவகை மரங்கள் மறைந்து ஒருவகையே மிஞ்சும்.

அளவை நிர்ணயிக்கும் முறைக்குக் கலிபோர்னியா நாட்டுச் சான்பிரான்சிஸ்கோ விரிகுடா நல்ல உதாரணமாகும். சாக்ரமெண்டோ, சான் வாக்கீன் என்னும் ஆறுகள் அங்கே சேர்கின்றன. அவற்றின் நீரில் பெரும்பகுதி பாசனத்துக்கு எடுக்கப்படுவதால் குடியானவர்க்கும் மீனவர்க்கும் நெடுநாள் வழக்கு இருந்து வந்தது. அங்குள்ள அறிஞர்கள் இத்தனை கன அடி வேண்டும் என்று தொடங்கவில்லை. ஆற்றின் அடிமட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே, ஆயிரத்துக்கு 2 பங்கு உப்புள்ள நீர் எவ்விடத்தில் நிற்கிறது என்று முதலில் பார்த்தார்கள். கடல்வாயிலிலிருந்து அவ்விடம் எத்தனை கிலோமீட்டர் என்பதே அவர்களுடைய அளவுகோல். பல வருஷக் கணக்கை ஒப்பிட்டபோது, அவ்வெல்லை கடற்பக்கமாக இறங்கிய வருஷங்களில் பல மீன்களும் இறாலும் மிகுந்திருந்தன. 1995-ல் ஏற்பட்ட விதிப்படி, பிப்ரவரி முதல் ஜூன் வரை அவ்வெல்லை 81-வது கிலோமீட்டருக்கு மேலேறாமலும், மழை மிகுந்த வருஷங்களில் 64-வது கிலோமீட்டர் வரையிலுங்கூடக் குறித்த நாட்கள் இறங்கி நிற்கவும் நீர் விடவேண்டும். எல்லையைக் கடலை நோக்கித் தள்ளத் தள்ள, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் முன்னதைவிட அதிக நீர் செலவாகும் என்பதும் அங்கே தெளிவாயிற்று.

காவிரியின் கணக்கை இதனோடு வைத்துப் பார்க்கலாம். நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5-ந் தேதி அளித்த இறுதித் தீர்ப்பில், மொத்தம் 740 டி.எம்.சி. நீரில் சுற்றுச்சூழல் காப்புக்கு 10 டி.எம்.சி.யும், தவிர்க்க முடியாமல் கடலிற் சேர்வதற்கு 4 டி.எம்.சி.யும் ஒதுக்கிற்று. 2018-ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களின் பங்கை மாற்றியபோதும் இவ்விரண்டும் மாறவில்லை. பத்து டி.எம்.சி. என்றால் ஆயிரங்கோடி கன அடி. இதனை வருஷமுழுதும் சமமாக விட்டால் வினாடிக்குச் சுமார் 317 கன அடிதான். கொள்ளிடத்தின் அகன்ற மணற்படுகை அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். அதே நீரை 40 நாளில் விட்டால் வினாடிக்குச் சுமார் 2,900 கன அடி ஆகும். ஆகவே அளவைவிடக் காலம் முக்கியமானது. 2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வழிந்து, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பக்கத்து ஒன்பது மதகுகள் இடியும் அளவுக்கு வெள்ளம் போயிற்று. அத்தகைய வெள்ளம் முகத்துவாரத்து மணல்மேட்டை அறுக்கும், மண்ணின் உப்பைக் கழுவும், வண்டலும் கொணரும். ஆனால் பங்குனி, சித்திரையில் ஏறும் உப்பை அது தடுக்காது. வழக்கப்படி ஜனவரி 28-ல் மேட்டூர்ப் பாசனத் திறப்பு நின்று ஜூன் 12 வரை மூடியிருக்கும் காலமே கழிமுகத்துக்குச் சோதனைக் காலம்.

எல்லாக் கேடுகளுக்கும் நன்னீர்க் குறைவே காரணம் என்று கொள்வதும் தவறு. பிச்சாவரத்தில் மரம் வெட்டிய இடங்கள் பள்ளமாகி, தேங்கிய நீர் வெயிலில் சுண்டி, கடலினும் உவர்ப்பாயிற்று. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டிக் கடலேற்றத்து நீரைப் பாயவிட்டே அங்கே கண்டலைத் திரும்ப வளர்த்தார்கள்.

கரையோரக் கிராமத்தார் தாமே இப்பரீட்சையைச் செய்யலாம். வாயகன்ற சீசாவில் கல்லைக் கட்டி, தக்கையைத் தனிக் கயிற்றில் பிணைத்து, மூடியபடியே ஆற்றில் இறக்கி, அடிக்கு ஒரு மீட்டர் மேலே நிற்கையில் தக்கையைச் சுண்டியிழுத்தால் அவ்விடத்து நீர் நிரம்பும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்றம் உச்சமாயிருக்கும் சமயத்தில், முகத்துவாரத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றாக மாதிரி எடுக்க வேண்டும். மண் பரிசோதனை நிலையத்தில் உப்பளவு சொல்வார்கள். கீழணையில் அன்றும் அதற்கு முந்திய பத்து நாளும் விட்ட நீரைக் கேட்டு அருகே எழுதிக்கொள்க. மீனுக்கு 2 பங்கு எல்லையைக் குறிக்கலாம். நெல்லுக்கு இறைப்பவர் 1 பங்கு எல்லையைக் குறிப்பது பத்திரம், ஏனெனில் அதற்கு மேல் மகசூல் குறையத் தொடங்கும். இவ்விரண்டு எல்லையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆதலால் இரண்டுக்கும் வேண்டிய நீரும் வேறு. மூன்று கோடையின் கணக்குச் சேர்ந்தால், இன்ன எல்லைக்கு இத்தனை கன அடி என்று ஒரு பட்டிகை எழுதி, நீர்ப்பங்கீட்டைப் பேசும் கூட்டத்தில் வைக்கலாம்.