ஃபிரேம் இருக்கட்டும், லென்ஸ் மாறட்டும்

கேள்வி: பவர் மாறும்போதெல்லாம் புதுக் கண்ணாடி வாங்குகிறேன். பழசைத் தானம் கொடுத்துவிடலாமா?
– ஒரு வாசகி, சேத்தியாத்தோப்பு

பதில்: நல்ல மனசுதான். ஆனால் உங்கள் பவர் இன்னொருவர் கண்ணுக்குப் பொருந்த வேண்டுமே! 2012-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நன்கொடையாக வந்த 275 கண்ணாடிகளில் 7 சதவீதம்தான் தேறின. குப்பையில் போட்டாலும் வம்பு: பரவலாக விற்கும் சி.ஆர்.39 பிளாஸ்டிக் லென்ஸை உருக்கி மறுபடி வார்க்க முடியாது. விருத்தாசலம் சூளையில் சுட்ட பீங்கான் திரும்பக் களிமண் ஆகுமா? ஆகவே ஃபிரேமை வைத்துக்கொண்டு லென்ஸை மட்டும் மாற்றுங்கள். “பழசு உடைஞ்சா நான் பொறுப்பில்லை” என்பார் கடைக்காரர், அசராதீர்கள். ஸ்க்ரூவையும் மூக்குப் பட்டையையும் மாற்றினால் மெட்டல் ஃபிரேம் வருஷக்கணக்கில் உழைக்கும். வெளுத்து விறைத்துப்போன பிளாஸ்டிக் ஃபிரேம் மட்டும் வேண்டாம். லென்ஸ் ஏற்றும்போதே தெறித்துவிடும்.