லீவு நாள் பேய் பார்ட்டிக்குப் பாட்டு எடுக்கிறாயா? அக்கா சொல்வதைக் கேள்!

அரையாண்டுப் பரீட்சை முடிந்த கையோடு பெரம்பலூர், அரியலூர் பக்கத்து வீடுகளில் சித்தி பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் என்று ஒரு பட்டாளமே வந்து இறங்கிவிடும். போன தலைமுறை மொட்டை மாடியில் பாய் விரித்துப் பேய்க்கதை கேட்டது. இந்தத் தலைமுறை, "பேய் பார்ட்டி வைக்கலாமாக்கா?" என்று கேட்கிறது. தாராளமாக வைக்கலாம். ஹாலோவீன் வரும் அக்டோபர் 31 நமக்குத் தீபாவளி நெருக்கம். 2024-இல் தீபாவளியே அன்றைக்குத்தான் வந்தது. வெடிச் சத்தத்துக்கு நடுவே எந்தப் பேய்ப்பாட்டும் எடுபடாது. சீக்கிரம் இருட்டுகிற மார்கழி லீவுதான் இதற்குத் தோது.

அலங்காரத்துக்கும் பலகாரத்துக்கும் மெனக்கெடுகிற நீ, பாட்டை மட்டும் கடைசி நிமிடத்துக்குத் தள்ளிவிடாதே தங்கச்சி. பயம் கண்ணைவிடக் காது வழியாகத்தான் சீக்கிரம் உள்ளே போகும். அதனால் இங்கே கவனம் அதிகம் வேண்டும்.

1. யார் யார் வருகிறார்கள்?

ஐந்தாறு வயதுக் குட்டிகள் இருந்தால் 'பட்டணத்தில் பூதம்' (1967), 'கல்யாணராமன்' (1979) மாதிரி, சிரிக்க வைக்கிற பூதமும் ஆவியும் வரும் படப் பாட்டுகளே போதும். பத்து வயதைத் தாண்டியவர்களைக் கொஞ்சம் மிரட்டலாம். மாசமாக இருக்கும் பெண்ணோ, நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிற பெரியவரோ வீட்டில் இருந்தால், திடீரென்று அலறும் சத்தங்களைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடு.

2. மாலையை மூன்றாகப் பிரி

எல்லாரும் வந்து சேரும் நேரத்துக்குப் பழைய மர்மப் படப் பாட்டுகள். விளக்கை அணைத்துக் கதை சொல்லும் நேரத்துக்கு வார்த்தையே இல்லாத இசை. கடைசியில் எழுந்து ஆடக் குத்துப்பாட்டு. கதை ஓடும்போது பாட்டு வரிகள் வந்தால் பிள்ளைகளின் காது அங்கே போய்விடும். கதை சொல்கிற மாமா தோற்றுப்போவார்.

3. நம் படங்களிலேயே புதையல் இருக்கிறது

'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) படத்தில் அதே பெயரில் வரும் பாட்டு, விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையில் பூர்வஜென்ம ஏக்கத்தைக் கொண்டுவரும். 'யார் நீ?' (1966) படத்தில் வேதா இசையில் பி. சுசீலா பாடிய 'நானே வருவேன்' இருட்டில் கேட்டால் இன்றைக்கும் முதுகு சில்லிடும். அதில் அலறலே கிடையாது. மெதுவாக, தூரத்திலிருந்து ஒரு பெண் குரல் அழைக்கும், அவ்வளவுதான். நல்ல பேய்ப்பாட்டுக்கு அதுதான் இலக்கணம்.

கதை நேரத்துக்கு 'பீட்சா' (2012), 'பிசாசு' (2014) படங்களின் பின்னணி இசை பொருந்தும். 'பிசாசு' நாயகனே வயலின் வாசிப்பவன். இசையிலும் வயலின் முன்னால் நிற்கும். பயத்துக்கும் வயலினுக்கும் பழைய சொந்தம் உண்டு. 1960-இல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டுமே வைத்து இசையமைத்தார். உச்சத்தில் கிறீச்சிடும் தந்தி, மனிதர் அலறுவதுபோலவே நம் காதில் விழும்.

ஆட்டத்துக்கு 'சந்திரமுகி' (2005) படத்தின் 'ரா ரா' இல்லாமல் பார்ட்டி நிறைவு பெறாது. அதன் பின்னால் 'காஞ்சனா' (2011) பாட்டுகளைப் போடு.

4. சோளக்காட்டுக்குப் போய் ஒலி பிடி

எந்தச் செயலியிலும் கிடைக்காத சத்தம் நம் மாவட்டத்தில் இருக்கிறது. மானாவாரி மக்காச்சோளம் காய்ந்து அறுப்புக்கு நிற்கும்போது, சாயங்காலம் வரப்பில் நின்று கேட்டுப் பார். காற்று வந்ததும் காய்ந்த தோகைகள் ஒன்றோடொன்று உரசிச் சரசரக்கும். நின்று, மறுபடி கொஞ்சம் தள்ளிச் சரசரக்கும். யாரோ உள்ளே நடந்து வருவதுபோலவே இருக்கும். போனைக் காற்றடிக்கும் பக்கத்துக்கு முதுகு காட்டிப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் பதிவு செய். சில்வண்டு, ஆந்தை, கிணற்றடி ராட்டின முனகல் கிடைத்தால் அதையும் சேர். பெரியவர்களில் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு போ; காலடியில் பூச்சிபொட்டு இருக்கும், டார்ச்சும் செருப்பும் கட்டாயம்.

5. இவற்றை மட்டும் தொடாதே

பயமுறுத்துவது வேறு, மனதை நோகடிப்பது வேறு. இந்த வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் உடுக்கையும் பம்பையும். இணையத்தில் 'திகில் பின்னணி' என்று தேடினால் இவை நிறைய வரும். திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைக் கும்பிடப் போகிற குடும்பங்கள் நம்முடையவை. உடுக்கைச் சத்தம் கேட்டாலே சாமி வந்து ஆடுகிறவர்கள் உறவில் இருப்பார்கள். அந்தச் சத்தம் அவர்களுக்கு வழிபாடு. அதை விளையாட்டுக்கு ஒலிக்கவிடாதே.

பறையும் அப்படித்தான். திருவிழாவுக்கும் நல்லது கெட்டதுக்கும் அடிக்கிற கலைஞர்களின் உழைப்பு அது. அதைப் பேய்ச் சத்தமாகக் காட்டினால் பிள்ளைகள் மனதில் தப்பான எண்ணம் விழுந்துவிடும். கேதம் நடந்து வருஷம் திரும்பாத வீட்டிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால், ஒப்பாரி, அழுகை எதுவும் கூடாது.

அடுத்தது, நள்ளிரவு ரயில் கூவல். வேறு ஊரில் போடலாம், அரியலூரில் வேண்டாம். 1956 நவம்பர் 23 அதிகாலை, வெள்ளம் போன மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதைச் சொல்லக் கேட்டு வளர்ந்த தாத்தா, பாட்டிகள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்தத் துயரத்தை நாம் பொழுதுபோக்காக்க வேண்டாம்.

6. ஸ்பீக்கரை ஒளித்து வை

ப்ளூடூத் ஸ்பீக்கர் மேசை மேல் தெரிந்தால் பாதிப் பயம் போச்சு. பரணிலோ கதவு மூலையிலோ வை. சத்தத்தைக் குறைத்து வை. காதைத் தீட்டிக் கேட்கிறவன்தான் பயப்படுவான். இரண்டு நிமிட இசைக்குப் பிறகு அரை நிமிடம் வெறும் அமைதி விடு. சிமென்ட் லாரி ஓடும் சாலை ஓரம் வீடு என்றால் இந்த மெல்லிய சத்தம் எடுபடாது, உள் அறைக்கு மாறிக்கொள்.

பாட்டுகளை முன்கூட்டியே டவுன்லோட் செய்துகொள். யூடியூபில் நேரடியாக ஓடவிட்டால், ஆவி வருகிற நேரத்தில் சோப்பு விளம்பரம் வந்து நிற்கும். போனை ஃப்ளைட் மோடில் போட்டு ப்ளூடூத்தை மட்டும் திறந்து வை. இல்லாவிட்டால் பெரியம்மாவின் போன் ஸ்பீக்கரில் அடிக்கும்.

7. பத்து மணிக்கு முடி

இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல். பக்கத்து வீட்டில் ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்தால் ஒன்பதுக்கே முடித்துக்கொள்.

முடிக்கும்போது எல்லா விளக்கையும் போட்டு, சின்னக் குழந்தை கேட்கிற பாட்டைக் கடைசியாகப் போடு. நன்றாக ஆடிக் களைத்த பிள்ளைக்குத்தான் பயம் தெளியும், தூக்கம் வரும். பார்ட்டிக்கு முதல் நாள் இரவு, அதே அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் பட்டியல் முழுவதையும் அம்மாவோடு உட்கார்ந்து ஒருமுறை கேள். அம்மா வேண்டாம் என்று சொல்கிற பாட்டை மறுபேச்சில்லாமல் எடுத்துவிடு.