சாரணச் சீருடை: சேர்ப்பதும் விலக்குவதும்

சாரணர் இயக்கம் என்பது சிறுவர் சிறுமியரைச் சிறு அணிகளாகப் பிரித்து, முகாம், முதலுதவி, முடிச்சுப் பயிற்சி, சமூகத் தொண்டு ஆகியவற்றின் வழியே பொறுப்புள்ளவர்களாக வளர்க்க முயலும் இளைஞர் அமைப்பு. அதன் சீருடையோ, உடையைப் பார்த்து ஒரு பிள்ளையின் வீட்டு வசதியை யாரும் அளந்துவிடக் கூடாது என்ற எண்ணத்தோடு வளர்ந்தது. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் ராபர்ட் பேடன் பவல் நடத்திய முதல் முகாமில், ஈட்டன், ஹாரோ போன்ற உயர்குடிப் பள்ளிகளின் மாணவர்களும் உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுமாக ஏறத்தாழ இருபது பேர் ஒரே கூடாரங்களில் தங்கினர். இன்று சீருடை எனச் சொல்லப்படும் முழு உடை அங்கே இருக்கவில்லை. நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என நான்கு நிறங்களில் தோளில் தொங்கிய நாடாவே யார் எந்த அணி என்பதைக் காட்டியது. ஒரு நாடாவில் தொடங்கிய இயக்கம், நூறாண்டு கடந்த பின், சட்டை முதல் பெல்ட் வரை நீளும் ஒரு பட்டியலைப் பெற்றோரின் கையில் கொடுக்கும் நிலைக்கு வந்திருப்பதை, அதை நேசிப்பவர்களே முதலில் கேள்விக்கு உட்படுத்த வேண்டும்.

சீருடையைப் பற்றிய பேச்சை உறுப்பினர் சேர்க்கை விதிகளிலிருந்து பிரிக்க முடியாது. அந்த உடை யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதை முடிவு செய்தவை அவ்விதிகளே என்பதற்கு இந்தியாவின் அனுபவமே சான்றாக நிற்கிறது. 1909இல் பெங்களூருவில் முதல் சாரணர் படை, அதாவது சில அணிகள் சேர்ந்த குழு, தோன்றியபோது அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்காகவே தோன்றியது. இந்தியச் சிறுவர்கள் வெளியே நிறுத்தப்பட்டனர். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான விவியன் போஸ் 1913இல் மத்திய மாகாணத்தில் இந்தியச் சிறுவர்களுக்காகச் சாரணப் பயிற்சியைத் தொடங்கினார். 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜார்ஜ் அருண்டேலும் இந்தியச் சாரணர் சங்கத்தை நிறுவினர். 1918இல் மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் வாஜ்பாய் ஆகியோர் அலகாபாத்தில் சேவா சமிதியின் சாரணர் அமைப்பை உருவாக்கினர். பெசன்ட் அம்மையாரின் சாரணர்கள் அகன்ற விளிம்புத் தொப்பிக்கு மாறாக இந்திய முறைத் தலைப்பாகை கட்டியது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் இந்தக் கட்டுரையின் கருத்து முழுவதும் அந்தத் தலைப்பாகையில் அடங்கியிருக்கிறது. வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் தமக்குப் பழக்கமான துணியைத் தலையில் கட்டிக்கொண்டு அதே பயிற்சியைப் பெற்றார்கள். தொப்பி இல்லாததால் சாரணியத்தில் எதுவும் குறைந்துவிடவில்லை. 1921இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்ததையொட்டி இணைப்பு முயற்சிகள் நடந்தன. பின்னர் மீண்டும் பிரிவுகள் ஏற்பட்டு, 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் அமைப்பு ஒன்றாக உருவாகி, 1951 ஆகஸ்ட் 15 அன்று சிறுமியருக்கான கைடு அமைப்பும் அதனோடு சேர்ந்தது.

இன்றைய இந்தியச் சாரணரின் உடை சாம்பல் நிறச் சட்டை, கருநீலக் காற்சட்டை, கருநீல பெரட் தொப்பி, கழுத்தில் ஸ்கார்ஃப், பெல்ட், கறுப்புக் காலணி என அமைகிறது. சாரணியர் எனப்படும் சிறுமியரின் உடையில் வானநீலமும் கருநீலமும் வருகின்றன. சீக்கியச் சிறுவன் பெரட்டுக்குப் பதிலாகத் தன் தலைப்பாகையையே அணியலாம் என்பது விதியிலேயே உள்ள நல்ல ஏற்பாடு. இவற்றில் சட்டையும் காற்சட்டையும் ஊரில் உள்ள தையற்காரரிடமே தைத்துக்கொள்ளக் கூடியவை என்பதால் பெரும் சுமையாவதில்லை, சுமையாவது காலணியே. பள்ளி நாட்களில் செருப்போடு வரும் பிள்ளைக்கு, ஆண்டில் சில நாட்கள் மட்டும் போட்டுக்கொள்ளும் கறுப்பு ஷூவை வாங்கித்தரும்படி வீட்டில் கேட்பது எளிதன்று. அணிவகுப்புக்கு முந்தைய மாலையில், விளையாட்டு வகுப்புக்காக எப்போதோ வாங்கிய வெள்ளைக் கான்வாஸ் ஷூவுக்குக் கறுப்பு பாலிஷை அழுத்தித் தேய்த்து, நாடாவை மட்டும் வேறாகக் கழற்றி மையில் ஊறவைத்துக் காயப்போடும் சிறுவர்கள் உண்டு; மறுநாள் வெயிலில் அந்தப் பாலிஷ் வெடித்து உள்ளிருக்கும் வெள்ளை கோடுகோடாகத் தெரியும்போது, அதைக் குறையாக எழுதும் ஆய்வாளரும் உண்டு. வேறுபாட்டை மறைப்பதற்காக வந்த உடை அந்தக் கோடுகளின் வழியே வேறுபாட்டை விளம்பரம் செய்துவிடுகிறது. காலணியின் நிறத்தை ஆய்வுப் பட்டியலிலிருந்து நீக்குவதே முறை. சுத்தமும் காலுக்குப் பொருத்தமும் இருந்தால் போதுமானது.

படை நடத்திய அனுபவம் முதலில் கற்றுத்தருவது, உடையை எப்போது வாங்குவது என்பதே. புதிதாகச் சேரும் பிள்ளை 'பிரவேஷ்' எனப்படும் நுழைவுப் பயிற்சியை முடித்து உறுதிமொழி ஏற்கும் வரை ஏறத்தாழ மூன்று மாதங்கள் இடைவெளி உண்டு. சீருடையும் ஸ்கார்ஃபும் அந்த உறுதிமொழி விழாவுக்கு உரியவை. ஆனால் பல இடங்களில் சேரும் நாளிலேயே சீருடைப் பணமும் கேட்கப்படுவதால், இயக்கம் தனக்குப் பிடிக்குமா என்று அறியாத பிள்ளையும், பணம் இல்லாததால் பெயரே கொடுக்காத பிள்ளையும் ஒருசேர இழப்புக்கு ஆளாகின்றனர். அந்த மூன்று மாதங்களை அப்படியே மதித்து நடந்தால், பெற்றோருக்குச் சேமிக்கக் காலம் கிடைக்கிறது. படையை விட்டு வளர்ந்துபோன அண்ணன்மார், அக்காமார் உடைகளைத் திரட்டித் துவைத்து அளவுவாரியாக அடுக்கிவைக்க ஆசிரியருக்கும் காலம் கிடைக்கிறது. பத்து வயதில் சேரும் பிள்ளையின் சட்டை பன்னிரண்டு வயதில் தோளில் இறுகிவிடும் என்பதால், மடிப்புக்குள் மூன்று விரற்கடை துணி விட்டுத் தைக்கச் சொல்வதும், திறன் சின்னங்களைப் பசையால் ஒட்டாமல் கையால் ஓடுதையலில் தைப்பதும் நல்ல பழக்கங்கள். சின்னத்தைப் பிரித்தெடுத்துச் சட்டையை இன்னொருவருக்குக் கொடுக்கும்போதுதான் அவற்றின் அருமை தெரியும்.

ஸ்கார்ஃப் என்பது கழுத்தைச் சுற்றி அணியும் முக்கோணத் துணி. வாகிள் எனப்படும் வளையம் அதன் இரு முனைகளையும் மார்பருகே சேர்த்துப் பிடிக்கிறது. முழுச் சீருடையும் ஒருநாள் கைவிடப்பட்டால் எஞ்சியிருக்க வேண்டிய பொருள் இது ஒன்றே. விரித்தால் முறிந்த கையைத் தாங்கும் தூளியாகிறது. நீள்வாட்டில் மடித்தால் முழங்காலுக்கும் தலைக்கும் கட்டாகிறது. ஆனால் அதற்கு அளவு பொருந்த வேண்டும்: சமபக்கங்கள் 70 முதல் 80 சென்டிமீட்டர் வரை இல்லாமல், துணியை மிச்சம் பிடித்துச் சிறிதாக வெட்டப்பட்ட ஸ்கார்ஃப் கழுத்தில் அழகாக நிற்குமே தவிர, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் முழங்கைக்கு அடியில் சுற்றித் தோளில் முடிச்சுப் போட எட்டாது. வழுக்கும் செயற்கைத் துணியில் வெட்டியதாயின் முடிச்சும் நிற்காது. வாங்கும் முன் ஒரு பிள்ளையின் கையை மடக்கச் சொல்லி அங்கேயே கட்டிப் பார்ப்பதே சரியான சோதனை. வாகிளுக்கோ பணம் செலவழிக்கத் தேவையே இல்லை. ஒரு முழம் கயிற்றைப் பின்னியும், மூங்கில் கணுவை வளையமாக அறுத்துத் தேய்த்தும் பிள்ளைகளே செய்துகொள்ளலாம்.

தொப்பியைப் பொறுத்தவரை இந்த இயக்கம் வெப்பநாட்டை மறந்துவிட்டதாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பேடன் பவல் அணிந்த அகன்ற விளிம்புத் தொப்பி தென்னாப்பிரிக்க வெயிலில் பழகியது. முகம், காது, பிடரி மூன்றுக்கும் நிழல் தந்தது. அதன் இடத்துக்கு வந்த பெரட், விளிம்பே இல்லாமல், கம்பளித் துணியில் தலையை மூடி வியர்வையைப் பெருக்குகிறது. கோடை விடுமுறையில் திறந்த மைதானத்தில் நடக்கும் முகாமில் பெரட் அணிந்து நிற்கும் பிள்ளை மயங்கி விழுந்தால் அது பிள்ளையின் பலவீனமன்று. கொடியேற்றத்துக்கும் விழாவுக்கும் பெரட்டை வைத்துக்கொண்டு, வெயிலில் செய்யும் வேலைக்கு எந்த விளிம்புத் தொப்பியையும் தலையில் சுற்றிய துண்டையும் அனுமதிப்பதே அறிவுடைமை. துணி பற்றியும் இதே கண்டிப்பு வேண்டும்: சமையலுக்கும் முகாம் தீக்கும் அருகே பாலியஸ்டர் கலந்த சட்டை, தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், சல்வார் கமீஸ் சீருடையில் வரும் துப்பட்டா, அடுப்பின் முன் குனிகையில் முதலில் தீப்பிடிப்பது. சமையல் நேரத்தில் துப்பட்டாவையும் ஸ்கார்ஃபையும் கழற்றி வைப்பது ஒழுங்கு மீறலாகாது; அதுவே ஒழுங்கு.

பிற முகாம் பொருட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தட்டு, டம்ளர், போர்வை, டார்ச் ஆகியவை வீட்டிலிருந்தே வரலாம், வரவும் வேண்டும். கயிறு ஒன்றில் மட்டும் கவனம் தேவை. மூங்கில்களை இணைத்துக் கட்டும் 'லேஷிங்' என்ற கட்டுமுறைக்குப் பளபளக்கும் நைலான் கயிறு வழுக்கிக்கொடுத்துவிடும், சணலோ தேங்காய்நாரோ இறுகப் பிடிக்கும். அதுவே விலையிலும் குறைவு.

சேர்க்கை விதிகளில் உலகெங்கும் நடந்த வாதங்கள் மூன்று வாசல்களைச் சுற்றியே நடந்தன: மதம், பாலினம், பாலீர்ப்பு. முதலாவதில் இந்திய விதி முன்னோக்கியே இருந்திருக்கிறது. உறுதிமொழியில் 'கடவுள்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'தர்மம்' என்ற சொல்லை விரும்புவோர் பயன்படுத்தலாம் என்று அது இடம் தருகிறது. பிரிட்டனின் சாரணர் அமைப்பு, இறைநம்பிக்கை இல்லாதவர்களுக்கான மாற்று உறுதிமொழியை 2014இல்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கச் சாரணர் அமைப்பு, தன்பாலீர்ப்புள்ளவர்களை விலக்கும் தன் உரிமைக்காக உச்ச நீதிமன்றம் வரை சென்று 2000இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் வென்றது. அதே அமைப்பு 2013இல் வாக்கெடுப்பு நடத்தி அத்தகைய சிறுவர்களை ஏற்கவும், 2015இல் அத்தகைய பெரியவர்களைப் பொறுப்பாளர்களாக ஏற்கவும் முடிவு செய்தது. 2018இல் குருளையர் எனப்படும் இளைய பிரிவிலும் 2019இல் மூத்த பிரிவிலும் சிறுமியரைச் சேர்த்து, 2025இல் பெயரிலிருந்தே 'பாய்' என்ற சொல்லை நீக்கியது. நீதிமன்றத்தில் வென்ற விதியைப் பதினைந்து ஆண்டுகளில் தானாகவே கைவிட நேர்ந்தது என்பது, விலக்கும் விதிகளை எழுத விரும்புவோர் நினைவில் கொள்ளத்தக்கது.

ஆனால் இந்தியப் பள்ளிகளில் பிள்ளைகளை வெளியே நிறுத்துவது எழுதப்பட்ட விதி அன்று, எழுதப்படாத பழக்கம். அணிவகுப்பில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக உயரமான மாணவர்களையும், விருதுத் தேர்வில் தவறக் கூடாது என்பதற்காக மதிப்பெண் மிகுந்தவர்களையும் மட்டும் தேர்ந்தெடுப்பது அவற்றில் ஒன்று. வகுப்பில் கடைசி வரிசையில் அமர்பவனே முகாமில் அடுப்பை மூட்டுவதிலும் சிறுவர்களைக் கவனிப்பதிலும் முதல்வனாக நிற்பதைக் கண்ட எவரும் அந்தத் தேர்வுமுறையை ஆதரிக்கமாட்டார். பயிற்சி பெற்ற பெண் ஆசிரியர் இல்லை என்ற ஒரே காரணத்தால் சிறுமியருக்குப் படையே தொடங்காமல் விடுவது மற்றொன்று. கைடு கேப்டன் எனப்படும் சாரணியப் பொறுப்பாளர் பயிற்சிக்கு ஓர் ஆசிரியையை அனுப்பிவைப்பதற்குத் தலைமையாசிரியரின் ஒரு கையெழுத்தே போதும். பள்ளியை விட்டு வேலைக்குப் போன பிள்ளைகளுக்கும் வழி உண்டு; பள்ளியைச் சாராத திறந்த படை என்ற அமைப்பு விதியிலேயே உள்ளது, ஊர் நூலகமோ சமுதாயக் கூடமோ அதற்கு இடமாகலாம். இவற்றுக்கெல்லாம் மேலே, எல்லாப் படைகளிலும் சொல்லப்படாத ஒரு சேர்க்கை விதியாக இயங்குவது சீருடைச் செலவே. அதைச் செலுத்த முடியாத பிள்ளை தன்னை யாரும் மறுக்காமலேயே தானாக விலகிக்கொள்கிறது.

ஆகவே, புதிய கல்வியாண்டில் படைக்குப் பெயர் எழுதும் சாரண ஆசிரியர்கள், பெயர், வகுப்பு, பெற்றோர் ஒப்பம் என்று கோடு போடும் அந்தத் தாளில், சீருடைத் தொகைக்காக ஒதுக்கும் கட்டத்தை மட்டும் வரையாமல் விட்டுவிட வேண்டும்.