நீலத் துணியும் ஒரு கழித்தல் கணக்கும்

மாணவர்களே, சிதம்பரத்தில் வகுப்பறையில் நிற்கும் உங்கள் நண்பனைக் கடலூர் வெள்ளிக் கடற்கரையில் நிற்பவனாகக் காட்ட முடியுமா? முடியும். மைசூர்ப் பகுதியில் பிறந்த சாபு நடித்து 1940-இல் வெளிவந்த ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ படத்திலேயே லாரி பட்லர் நீலத் திரையைக் கொண்டு இவ்வித்தையைச் செய்தார். அன்று ஃபிலிம்களை இணைத்துச் செய்ததை இன்று கணினி எண்களால் செய்கிறது.

வீடியோப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. துணியில் ஒரு புள்ளி 40, 70, 200 என்றும், முகத்தில் ஒரு புள்ளி 200, 150, 120 என்றும் கொள்வோம். நீல எண்ணிலிருந்து மற்ற இரண்டில் பெரியதைக் கழியுங்கள். துணிக்கு 130; முகத்துக்கு –80. விடை பெரிதாக உள்ள இடத்தை நீக்கிவிட்டு, கணினி அங்கே கடலை வைக்கிறது. மனிதத் தோலில் நீலம் குறைவு என்பதால்தான் நீலத் துணி. பச்சைத் துணிக்கும் கணக்கு இதுபோன்றதே. நண்பன் நீலச் சட்டை அணிந்தால்? மார்பில் அலையடிக்கும்!

துணியில் சுருக்கமோ நிழலோ இருந்தால் எண்கள் மாறும். எனவே ஒளி எங்கும் சீராக விழ வேண்டும். நண்பன் 6 அடி தள்ளி நிற்கட்டும். இல்லையேல் துணியிலிருந்து சிதறும் நீல ஒளி அவன் தோளிலும் தலைமுடியிலும் படியும்.

இன்னொன்று. கடலூரில் கடல் கிழக்கே உள்ளது. காலையில் கடலுக்கு முதுகு காட்டி நிற்பவன் முகத்தில் வெயில் நேராக விழாது அல்லவா? படத்தில் முகம் பளிச்சென்றிருந்தால் ஐயம் கொள்ளுங்கள். புயல் நாளில் எவரேனும் கடற்கரைப் படம் காட்டினால், நம்புமுன் ஒளி வரும் திசையைப் பாருங்கள்.