தோட்டத்துக் குளமும் அதன் கரையும்

நீர் உள்ள இடத்தில் சிறுவர் கூடுவர்; இஃது உலக இயல்பு. பள்ளி விடுமுறை தொடங்கியதும் தூண்டிலும் கையுமாகக் குளக்கரை நோக்கி நடக்கும் மாணவர்களை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். அவர்களின் மகிழ்ச்சியைக் கெடுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. நீரைப் பற்றியும், அந்நீரைத் தாங்கி நிற்கும் கரையைப் பற்றியும் அறிந்து நடந்து, சென்றவர் அனைவரும் நலமாக வீடு திரும்பவேண்டும் என்பதே நம் விருப்பம்.

நம்மைச் சூழ்ந்த நீர்நிலைகள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் அணைகள் பல உள்ளன. 1958ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட கிள்ளான் கேட்ஸ் அணை, கோலாலம்பூருக்குக் குடிநீர் தருவது. 1987இல் எழுந்த பத்து அணை, நீர் வழங்குவதோடு வெள்ளத்தையும் தடுக்கின்றது. 1971 சனவரியில் கோலாலம்பூரை மூழ்கடித்த பெருவெள்ளத்தை நம் பெரியோர் இன்றும் மறக்கவில்லை.

பிரிக்பீல்ட்சுக்கு அண்மையில் உள்ள ஏரிப் பூங்காவை அறியாதார் யார்? 1888ஆம் ஆண்டில் ஆல்பிரட் வென்னிங் என்பவரின் முயற்சியால் அப்பூங்கா உருப்பெற்றது. அங்குள்ள ஏரி இயற்கையாகத் தோன்றியதன்று. சிற்றோடை ஒன்றை மறித்து அணையிட்டு உண்டாக்கப்பட்டது. ஆகவே, சிறிய அணையும் மக்களின் பொழுதுபோக்கும் நம் நகரில் நூறாண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்தே வாழ்ந்து வருகின்றன.

இவையன்றிப் பெயரில்லாக் குளங்களும் உண்டு. ஆலைக்கும் லயங்களுக்கும் நீர் வேண்டி, தோட்ட நிருவாகங்கள் பள்ளத்தாக்குகளின் குறுக்கே மண்கரை எழுப்பி நீரைத் தேக்கின. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. ஆயினும், அத்தகைய குளங்கள் சிலவும் பழைய ஈயக் குட்டைகளும் எஞ்சியுள்ளன. நம் பிள்ளைகள் நாடிச் செல்வது பெரும்பாலும் இவற்றையே.

சிறிய குளத்தின் பெரிய பாரம்

50 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் உடைய குளம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அதில் 4,000 கன மீட்டர் நீர் இருக்கும். ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோகிராம். எனவே, அக்குளத்து நீரின் எடை 4,000 டன். பத்து டன் சுமக்கும் லாரிகள் 400 சேர்ந்தாற்போன்ற பாரம் அது! அதனைத் தாங்கி நிற்பது மண்ணாலாகிய ஒரு கரையே.

மண்கரையில் ஓரளவு நீர் கசிவது இயல்பு. கசிவு தெளிவாக இருக்கும்வரை அச்சம் குறைவு. கசியும் நீர் கலங்கி வருமாயின், அது கரையின் உள்ளிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகின்றது என்பது பொருள். நாளடைவில் உள்ளே குழாய்போன்ற துளை உண்டாகிக் கரை இடியும். கரையில் வளர்ந்த பெருமரங்கள் பட்டுப்போனால், அவற்றின் வேர் மக்கிய இடமும் நீருக்கு வழியாகும். எலி, உடும்பு போன்றவை தோண்டும் வளைகளும் அத்தகையனவே.

மிகுதியான நீர் வெளியேறுவதற்கென்று அமைந்த வழியே கலிங்கு. அது குப்பையாலோ மரக்கிளைகளாலோ அடைபட்டால், மழைநீர் கரையின் மேலேறி வழியும். மண்கரைக்கு அதைவிடக் கொடிய பகை வேறில்லை.

உலகம் கற்ற பாடங்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், செல்வந்தர்களின் கழகம் ஒன்று பழைய மண்ணணை ஒன்றை வாங்கிப் படகோட்டவும் மீன் பிடிக்கவும் பயன்படுத்தியது. வண்டிகள் செல்வதற்காக அணையின் உச்சியைத் தாழ்த்தினர். மீன்கள் தப்பாதிருக்கக் கலிங்கில் வலைத்தடுப்பு வைத்தனர். முன்னரே அகற்றப்பட்டிருந்த வடிகுழாய்களை மீண்டும் பொருத்தவில்லை. 1889 மே 31இல் பெருமழை பெய்தது. வலைத்தடுப்பில் குப்பை அடைத்தது, நீர் கரையேறி வழிந்தது, அணை உடைந்தது. வெள்ளம் 23 கிலோமீட்டர் கீழே இருந்த சான்ஸ்டவுன் நகரை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அடைந்து, 2,209 உயிர்களைக் கொண்டுசென்றது. விளையாட்டுக்காகச் செய்த சிறு சிறு மாற்றங்கள் அந்நகரின் அழிவுக்குத் துணைபோயின.

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் உள்ள கந்தளாய்க் குளத்தின் கரை, 1986 ஏப்ரல் 20ஆம் நாள் மக்கள் உறங்கிக்கொண்டிருந்த வேளையில் உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கென்யா நாட்டின் சோலாய் என்னுமிடத்தில் 2018 மே 9ஆம் நாள் இரவு, தனியார் தோட்டம் ஒன்றின் அணை பெருமழையில் உடைந்து நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. கீழே வாழ்ந்தவர்கள் நம்மைப் போன்ற எளிய குடும்பத்தினர்.

நம் நாட்டிலும் 2013 அக்டோபர் 23ஆம் நாள், கேமரன் மலையின் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்ச்சேதம் நேர்ந்தது. அங்கே அணை உடையவில்லை. பெருமழையின்போது ரிங்லெட் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரே வெள்ளமாகப் பாய்ந்தது. ஆகவே, அணைக்குக் கீழுள்ள ஆற்றுப்படுகை வறண்டு கிடந்தாலும், அது விளையாடும் இடமன்று.

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். சோழப் பேரரசன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரியைக் காப்பதற்கென்றே ஏரி வாரியம் இயங்கியதைக் கூறுகின்றன. பத்தாம் நூற்றாண்டிலேயே அக்கடமையைப் பொதுக்கடமையாகக் கொண்ட இனம் நம் இனம்.

நீருள் மறைந்திருக்கும் இடர்கள்

குளத்தின் மேற்பரப்பு அமைதியாகத் தோன்றும். ஆயின், ஈயக் குட்டையில் இரண்டடி நடந்ததும் தரை திடீரெனச் செங்குத்தாக இறங்கிவிடும். அடியில் உள்ள சேறு காலைப் பற்றிக்கொள்ளும். மதகின் அருகே நீர் குழாய்க்குள் இழுக்கப்படுவது மேலிருந்து பார்ப்பார்க்குத் தெரியாது. கலிங்கின் சிமெந்துத் தளத்தில் பாசி படர்ந்து வழுக்கும்.

செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குட்டைகள் இன்னும் கொடியவை. அவற்றின்மேல் ஏடு படிந்து கெட்டித் தரைபோல் தோன்றும்; காலை வைத்தால் உள்ளே இறங்கும். அவற்றின் பக்கமே செல்லலாகாது.

எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வரும். 2010ஆம் ஆண்டில் பகாங்கின் லுபோக் யூ என்னுமிடத்தில், நீரில் மூழ்கியவரைத் தேடச் சென்றோருள் சிலர் இத்தகைய நோய்த் தொற்றால் உயிரிழந்தனர். காலில் புண் உள்ளவர் நீரில் இறங்கலாகாது. நீராடிய சில நாள்களில் காய்ச்சல் கண்டால், நீராடியதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறவேண்டும்.

மாணவர் கடைப்பிடிக்க வேண்டியவை

1. பெரியவர் துணையின்றிக் குளத்திற்குச் செல்லாதீர்கள். செல்லுமிடத்தை வீட்டில் சொல்லிச் செல்லுங்கள்.
2. மதகு, கலிங்கு, குழாய் ஆகியவற்றின் அருகே நீந்தவோ தூண்டில் போடவோ வேண்டா.
3. ஆழம் தெரியாத நீரில் தலைகீழாகப் பாயாதீர்கள்.
4. படகிலோ தெப்பத்திலோ ஏறினால் உயிர்காப்புச் சட்டை அணியுங்கள்.
5. இடி முழங்கினால் உடனே நீரை விட்டு வெளியேறுங்கள். நம் வட்டாரத்தில் பிற்பகல் இடிமழை வழக்கமானது.
6. கலிங்கில் வலையோ கட்டையோ வைத்து மீனைத் தடுக்காதீர்கள். சான்ஸ்டவுன் நகரை நினைவிற் கொள்ளுங்கள்.
7. எச்சரிக்கைப் பலகையைப் பிடுங்கவோ எழுத்தை அழிக்கவோ கூடாது.

ஒருவர் மூழ்கினால்

நண்பன் மூழ்குவதைக் கண்டு தாமும் குதித்து இருவராக மாண்டோர் பலர். நீந்தத் தெரிந்தவரும் குதிக்கலாகாது. மூழ்குபவர் பிடித்தவரை விடமாட்டார். முதலில் உரக்கக் கூவிப் பெரியவர்களை அழையுங்கள். கரையில் படுத்துக்கொண்டு மூங்கிற் கழியையோ கைலியையோ நீட்டுங்கள். எட்டாவிட்டால் கயிற்றையோ, மூடிய காலி எண்ணெய்க் கலனையோ எறியுங்கள். 999 என்ற எண்ணை அழைத்து இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

கரைக்குக் கொண்டுவந்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அழுத்துவதும் தவறு. அதனால் காலமே வீணாகும். மூச்சு இல்லையெனில், பயிற்சி பெற்றவர் வாயோடு வாய்வைத்து மூச்சூதி, பின் மார்பை 30 முறை அழுத்தி, 2 முறை மூச்சூதும் முறையை உதவி வரும்வரை தொடரவேண்டும். இப்பயிற்சியைத் தோட்டத்தில் நான்கு பேராவது கற்றிருத்தல் நலம்.

பெற்றோர்க்கும் தோட்டத்து மக்களுக்கும்

அணை யாருடையதாயினும், அது உடைந்தால் வெள்ளம் நுழைவது நம் வீட்டில்தான். ஆதலின், மருந்தடிக்கவும் குலை வெட்டவும் கரையோரம் செல்லும் தொழிலாளர்கள் ஒரு கண் கரைமீதும் வைக்கவேண்டும். கரையில் புதிய வெடிப்பு, சரிவு, கலங்கிய கசிவு, வெயிற்காலத்திலும் காயாத ஈரம், அடைபட்ட கலிங்கு ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் அன்றே நிருவாகத்திற்குத் தெரிவியுங்கள். பெருமழை இரவுகளில் எந்த மேட்டுக்கு ஓடுவது என்பதைக் குடும்பத்தோடு முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பியுங்கள். அது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று எண்ணிவிடலாகாது. அஃது உயிர்காக்கும் கல்வி. உலக நாடுகளின் மன்றம் 2021ஆம் ஆண்டு முதல் சூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாக அறிவித்துள்ளது. அந்நாளில் நம் பள்ளியிலும் இப்பாடத்தை மீண்டும் படிப்போம்.

வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டும் என்பது பழமொழி. போட்ட அணையைக் காக்கவும் வேண்டும் என்று நாம் சேர்த்துக்கொள்வோம். குளக்கரையில் மாலைக் காற்று வாங்குவோம், மீன் பிடிப்போம், பொழுது சாயுமுன் எண்ணிப் பார்த்து, வந்தவர் அனைவரும் வீடு திரும்புவோம்.

சிந்திக்க

1. கசியும் நீர் கலங்கி வருவது எதைக் காட்டுகிறது?
2. 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் உடைய குளத்து நீரின் எடை எத்தனை டன்?
3. உங்கள் வீட்டிற்கு அண்மையில் உள்ள நீர்நிலை எது? அதன் கலிங்கு எங்கே உள்ளது? தந்தையிடமோ தாத்தாவிடமோ கேட்டு எழுதுக.