கடைமடையில் கான்கிரீட் வீடு

சிமெண்டு மூட்டையின் விலையை நாலு கடைகளில் விசாரித்து வாங்கும் நாம், அதனோடு கலக்கும் தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. பக்கத்தில் எந்தக் குழாயில் நீர் வருகிறதோ அதுவே கலவைக்கும் போகிறது. கல்லணையை அடுத்த ஊர்களில் இதனால் பெருங்கேடு விளைவதில்லை. ஆனால் காவிரி நீர் வந்து முடியும் கடைமடையில், தலைஞாயிறு, வேதாரணியம், கோடியக்கரை போன்ற இடங்களில், ஒரு வீட்டின் ஆயுளைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்தத் தண்ணீர்தான். இது ஏன் என்பதை, வேதியியல் மாணவர் மட்டுமன்றி வீடு கட்ட நினைக்கும் எவரும் அறியும் வண்ணம் எழுத முயல்கிறேன்.

கோடியக்கரைப் பகுதியின் அமைப்பை முதலில் நோக்குவோம். கிழக்கிலும் தெற்கிலும் கடல். மேற்கே சதுப்பும் உப்பளமும். ஏறக்குறைய ஒரு தீவு என்றே சொல்லிவிடலாம். 1930 ஏப்ரலில் இராஜாஜி தம் தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு எடுத்தது இந்த வேதாரணியத்தில்தான். நாட்டுக்குப் பெருமை தந்த அதே உப்பு, வீட்டுக்குப் பகையாக இருக்கிறது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. கீற்றுக்கூரை பறந்தது, ஓடு நொறுங்கியது, கல்நார்த் தகடு காகிதம் போல் கிழிந்தது. தளம் போட்ட வீடுகள் பெரும்பாலும் நின்றன. அதைக் கண்ட மக்கள் எப்பாடு பட்டாவது ஒரு தளம் போட்டுவிட வேண்டும் என்று எண்ணியதில் வியப்பில்லை. 1985இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டத்திலும், அதன் இடத்துக்கு 2016இல் வந்த பிரதம மந்திரி ஊரக வீட்டுவசதித் திட்டத்திலும், ஒப்பந்தக்காரர் இன்றிப் பயனாளியே தம் வீட்டைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆக, நேற்று வரை நாற்று நட்டவர் இன்று மேற்பார்வைப் பொறியாளராகிவிடுகிறார். வாழ்நாளில் ஒரு முறை கைக்கு வரும் பணம். நகையை அடகு வைத்த பணமும் அதில் சேரும். அப்படிக் கட்டிய வீட்டில் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கூரையின் அடிப்பூச்சு உரிந்து, துருப்பிடித்த கம்பி பல்லைக் காட்டுவதைக் கடலோர ஊர்களில் எங்கும் காணலாம். காரைக்கட்டி உறங்குபவர் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பழைய கட்டடங்களுக்கு இந்த நோய் இல்லையே என்று கேட்கத் தோன்றும். தரங்கம்பாடியில் 1620இல் எழுந்த டேனியர் கோட்டை கடலின் வாயிலேயே நிற்கிறது. அதன் இரகசியம் எளியது: செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட அந்தச் சுவர்களுக்குள் துருப்பிடிக்க இரும்புக் கம்பி இல்லை. அவை சுமையை அழுத்தத்தால் மட்டுமே தாங்குகின்றன. தட்டையான கான்கிரீட் தளமோ வளைய முயல்கிறது. அதன் அடிப்பகுதி இழுபடுகிறது. கான்கிரீட்டின் இழுவலிமை அதன் அழுத்த வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே இழுவையைத் தாங்கக் கம்பி வேண்டியதாயிற்று. கம்பி வந்த அன்றே துருவும் கூட வந்துவிட்டது.

இனி வேதியியலுக்கு வருவோம். கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர், டால்மியாபுரம் பகுதிகளில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல், பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பரவியிருந்த கடலின் படிவம். கடற்சிப்பிகளின் புதைபடிவங்களை அங்கு இன்றும் பொறுக்கலாம். அக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுமார் 1450 பாகை செல்சியசில் சுட்டு, சிறிது ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்டு. இதில் முக்கியமானவை கால்சியம் சிலிக்கேட்டுகள். தண்ணீர் பட்டதும் இவை நீரேற்றம் அடைந்து பசை போன்ற ஒரு பொருளாக மாறி, மணலையும் ஜல்லியையும் கட்டிப் பிடிக்கின்றன. சிமெண்டு 'காய்ந்து' இறுகுகிறது என்பது பொதுவான தவறான எண்ணம். அது நீரைக் குடித்து இறுகுகிறது.

இவ்வினையில் கால்சியம் ஹைடிராக்சைடும் உண்டாகிறது. எனவே நல்ல கான்கிரீட்டின் உட்புறம் மிகுந்த காரத்தன்மை உடையது, அதன் பி.எச். மதிப்பு 12.5க்கும் மேல். இந்தக் காரச் சூழலில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு ஏடு ஒன்று படிந்து, துருவேறாமல் காக்கிறது. இதைக் கம்பிக்கு இயற்கை போர்த்திய சட்டை எனலாம். இந்தச் சட்டையைக் கிழிப்பவை இரண்டு. ஒன்று காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு. அது மெல்ல உட்புகுந்து காரத்தைக் குறைக்கிறது. மற்றொன்று குளோரைடு அயனி. இது கொடியது, காரம் குறையாத இடத்திலும் அந்த ஏட்டில் புள்ளி புள்ளியாகத் துளையிடுகிறது. துளை விழுந்த இடத்தில் ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு. துரு தான் தோன்றிய இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். இடம் இல்லாதபோது கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். நாம் பார்க்கும் வெடிப்பு நோயின் கடைசிக் கட்டமேயன்றி முதற்கட்டம் அன்று.

குளோரைடு எவ்வளவு வரை பொறுக்கலாம்? நம் நாட்டுக் கான்கிரீட் வேலைகளுக்கான இந்தியத் தரநிலை 456 (2000ஆம் ஆண்டுப் பதிப்பு), கம்பி போட்ட கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோ வரை அனுமதிக்கிறது. கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் எல்லை. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் செல்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19 கிராம் குளோரைடு உண்டு. பெருக்கிப் பாருங்கள்: 3.4 கிலோ! எல்லையைப் போல் ஐந்தரை மடங்குக்கும் மேல். கடல்நீரில் யார் கலக்கப்போகிறார்கள் என்பீர்கள். உவர்ப்பேறிய ஆழ்குழாய் நீரில் லிட்டருக்கு 3 கிராம் இருப்பதாகக் கொள்வோம், அதுவே 0.54 கிலோ ஆகிவிடுகிறது. மணலில் ஒட்டிவரும் உப்புக்கு இடமே இல்லை. கடற்கரை மணலை வண்டியில் அள்ளி வந்து ஆற்று மணலோடு கலப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது. உப்புக்காற்றில் மாதக்கணக்காகத் திறந்த வெளியில் கிடந்த கம்பியையும், நல்ல நீரால் கழுவித் தேய்க்காமல் கட்டக் கூடாது.

தண்ணீரின் தரம் போலவே அளவும் முக்கியம். அமெரிக்கரான டப் ஆப்ராம்ஸ் 1918இலேயே, கான்கிரீட்டின் வலிமை சிமெண்டுக்கும் நீருக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது எனக் காட்டினார். ஐம்பது கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் என்பது நல்ல அளவு. கொத்தனாரும் சித்தாள்களும் கலவை கொழகொழவென்று ஓட வேண்டும் என்று விரும்புவர்; அள்ளவும் பரப்பவும் எளிது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, வெயிலில் பாண்டு சுமப்பவர்கள் அவர்கள்தாம். ஆனால் 25 லிட்டர் 35 ஆகும்போது வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. அதைவிட மோசம், மிகுந்த நீர் வெளியேறிய பின் நுண்துளைகள் எஞ்சுகின்றன. உப்பு உள்ளே வரும் வழி அவைதாம். மழைக்காலத்து ஈரமணல் மூட்டைக்கு நாலு லிட்டர் வரை தானே நீர் கொண்டு வரும். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

வெளியிலிருந்து வரும் உப்பைத் தடுப்பது கம்பியை மூடியுள்ள கான்கிரீட்டின் கனம். உப்பு ஊடுருவ எடுக்கும் காலம், தோராயமாக அக்கனத்தின் இருமடிக்கு ஏற்ப நீளும். 15 மில்லிமீட்டர் 30 ஆனால் காலம் இரு மடங்கு அன்று, நான்கு மடங்கு! கடற்கரைப் பகுதியில் வீட்டுக்குள் மறைந்த பாகங்களுக்கு 30 மில்லிமீட்டரும், வெளிக்காற்று படும் பாகங்களுக்கு 45 மில்லிமீட்டரும் வேண்டும் என்கிறது மேற்சொன்ன தரநிலை. நடைமுறையிலோ உடைந்த ஜல்லிக்கல்லைக் கம்பிக்கு அடியில் செருகிவிட்டுப் போய்விடுகிறார்கள். கான்கிரீட் ஊற்றும்போது கல் நழுவிவிடும், கம்பி பலகையில் படிந்துவிடும். சிமெண்டு 'கவர் பிளாக்' கட்டைகளை வாங்கிக் கட்டுவதற்கு ஆகும் செலவு, கிரகப்பிரவேசத்தில் வாழைமரத்துக்கு ஆகும் செலவை விட அதிகம் இராது.

கடலோர வீடுகளில் முதலில் விழுவது சன்ஷேடு என்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் மூன்று. மெல்லியது, மழையும் உப்புக்காற்றும் இருபுறமும் படுவது, மூன்றாவதாக, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பதால் அதில் இழுபடுவது மேற்பகுதி. எனவே கம்பி மேலே இருக்க வேண்டும். வேலை செய்பவர் மிதித்து அது கீழே போய்விட்டால், கம்பி இருந்தும் இல்லாத கணக்குத்தான். தளம் போடும் நாளில் வீட்டுக்காரர் விருந்து ஏற்பாட்டை மற்றவரிடம் விட்டுவிட்டு, இந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

ஊற்றிய பின் நீர் காட்டும் வேலை. இதைத் தஞ்சைக்காரருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தளத்தின் மேல் களிமண்ணால் வரப்புக் கட்டி, பாத்தி பாத்தியாக நீர் நிறுத்துகிறோம். நாற்றங்காலைப் பார்த்துப் பழகிய கைகள் அல்லவா! சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது ஏழு நாள். இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமெண்டுக்குப் பத்து நாள், பதினான்கு நாளானால் மேலும் நன்று. இவ்வகைச் சிமெண்டு மெதுவாக இறுகினாலும், நன்றாக நீர் குடித்தால் உப்பை நன்கு தடுக்கிறது. ஆனால் தளத்துக்குப் பாத்தி கட்டும் நாம் தூண்களை மறந்துவிடுகிறோம். தூணில் நீர் நிற்காது. சாக்கைச் சுற்றி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த நீரும் நல்ல நீராக இருக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டுமா?

அடித்தளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது பொறியியலாரின் துறை. வல்லத்துச் செம்மண்ணில் வாணம் தோண்டக் கடப்பாரை வேண்டும். ஆனால் பழைய பாசனப் பகுதியின் களிமண் சித்திரையில் கை நுழையும் அளவு வெடித்து, வாய்க்காலில் நீர் வந்ததும் உப்பிக்கொள்கிறது. இந்த ஏற்ற இறக்கத்துக்குக் கீழே அடித்தளம் இறங்க வேண்டும். இத்தகைய மண்ணுக்காகவே ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம், அடியில் குமிழ் போல விரிந்த குத்துத்தூண் முறையை உருவாக்கியது. சிறு வீட்டுக்கு அது முடியாதபோது, தூண்களை அடிமட்டத்தில் இணைக்கும் 'பெல்ட்'டாவது விட்டுவிடக் கூடாது. குளியலறை நீரைச் சுவரோரம் தேங்க விடுவது, களிமண்ணை நாமே உப்பச் செய்வதாகும்.

எப்போது கட்டுவது? வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடும் மேட்டூர் அணைக் கணக்கை நோக்கினால், தையும் மாசியும் ஏற்றவை எனத் தோன்றுகிறது. வடகிழக்குப் பருவமழையில் குளம் குட்டைகள் நிரம்பியிருக்கும். நிலத்தடி நீரில் உவர்ப்பு குறைந்திருக்கும். வெயில் கடுமை இராது. சம்பா அறுவடை முடிந்து கையில் சிறிது பணமும் இருக்கும். வாஸ்து பார்ப்பவர்களுக்கு இவ்விரு மாதங்களிலும் நாள் உண்டு. சித்திரையில் அதே கிணற்று நீர் வேறு நீராகிவிடும்.

நீரைச் சோதிப்பது நம் மாணவர்கள் அறிந்த பருமனறி பகுப்பாய்வுதான். 10 மில்லிலிட்டர் நீரில் இரண்டு துளி பொட்டாசியம் குரோமேட்டுக் கரைசல் விட்டு, 0.02 நார்மல் சில்வர் நைட்ரேட்டுக் கரைசலைப் பியூரெட்டிலிருந்து சேர்க்க வேண்டும். குளோரைடு முழுவதும் வெண்மையாக வீழ்ந்த பிறகு, மஞ்சள் நிறம் மாறி நிலையான செங்கல் சாயல் தோன்றும். 7 மில்லிலிட்டருக்குள் அது தோன்றினால் குளோரைடு 500 மில்லிகிராமுக்கு உட்பட்டது. குளோரைடைப் பொறுத்த வரையில் அந்த நீரில் தளம் போடலாம். 20, 30 என்று போய்க்கொண்டே இருந்தால் அந்தக் குழாயை மறந்துவிட்டு, குளத்து நீரையோ வாய்க்கால் நீரையோ தெளியவைத்து அதையும் சோதித்துப் பார்க்க வேண்டும். முந்நூறு சதுர அடித் தளத்துக்கு ஐந்து அங்குலக் கனத்தில் ஏறத்தாழ 28 மூட்டை சிமெண்டு ஆகும்; கலவைக்கு வேண்டிய நீர் 700 லிட்டர்தான். நீராற்றுவதற்கு வேண்டியது தனி. மாதிரி எடுக்கும்போது குழாயைச் சிறிது நேரம் ஓடவிட்டு, பாட்டிலை அந்நீராலேயே மூன்று முறை அலசிய பின் நிரப்பி, எடுத்த நாளையும் இடத்தையும் அதன் மேல் எழுதி ஒட்ட வேண்டும்.